வெண்பட்டு கெமிக்கல்ஸின் பலவீன அதிகாரி

உலகத் தொழில் வரலாற்றில் லாபம் பார்த்த கம்பெனிகள் ஏராளம். நஷ்டப்பட்ட கம்பெனிகள் அதைவிட ஏராளம். ஆனால் தன் பலவீனங்களைத் தானே தேடிப் பிடித்து, தன் சொந்தச் செலவில் அச்சடித்து, பஸ் ஸ்டாண்டுகளில் ஊர் ஜனங்களுக்கு இலவசமாக வழங்கிய பெருந்தன்மையான கம்பெனி ஒன்றே ஒன்றுதான். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, வன்னியம்பட்டிப் பக்கம், சோளமும் பருத்தியும் விளைந்த காடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த அந்த நிறுவனத்தின் பெயர் வெண்பட்டு ஸ்பெஷாலிட்டி கெமிக்கல்ஸ் லிமிடெட். அந்த மகத்தான நேர்மையைத் தன் கைப்பட எழுதியவர் அதன் தலைமைக் கெமிஸ்ட் ஞானரத்தினம்.

தலைமைக் கெமிஸ்ட் என்றால் அவருக்குக் கீழே வேறு கெமிஸ்டுகள் இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. கம்பெனியில் வேதியியல் படித்தவர் அவர் ஒருவர்தான். நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான தேகம், எதையும் முகர்ந்து பார்த்துவிட்டே பேச ஆரம்பிக்கும் பழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. மனைவி பரிபூரணம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். கம்பெனி ஆரம்பித்த எண்பத்துநாலாம் வருஷத்திலிருந்து தினமும் காலையில் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து, சரக்கு நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போவார்.

சரக்கு என்பது நூலுக்கும் துணிக்கும் வழவழப்பு ஏற்றுகிற ஒரு வெள்ளைத் திரவம். ராஜபாளையத்து நூற்பு மில்களில் அதற்குத் தேவை இருந்தது. பெயர் "வெண்பட்டு-7". முதல் ஆறும் எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. அதில் கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் கொழுப்பு அமிலம், வாசனைக்கு ஏதோ ஒன்று. மிச்சம் முழுக்கத் தண்ணீர். இதை ஏன் "ஸ்பெஷாலிட்டி" என்கிறீர்கள் என்று ஒருமுறை இன்ஸ்பெக்டர் ஒருவர் கேட்டபோது, மேனேஜிங் டைரக்டர் அழகியமணவாளன் நிதானமாக விளக்கினார்.

"சாதா தோசைக்கும் ஸ்பெஷல் தோசைக்கும் மாவு ஒண்ணுதான் சார். மேல நாலு முந்திரி. மத்தபடி வித்தியாசம் எல்லாம் பில்லுல எழுதுற பேருலதான்."

அழகியமணவாளன் அதற்கு முன்னால் வாஷிங் சோடா ஏஜென்சி வைத்திருந்தவர். எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஞானரத்தினமோ கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறவர். கம்பெனியில் சரக்குக் காய்ச்ச இருப்பது ஒரே ஒரு ரியாக்டர், அது ரிப்பேரானால் தொழிலே நின்றுவிடும் என்பார். கழுவி ஊற்றுகிற தண்ணீர் பின்பக்கத்துக் குழியில் தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது என்பார். பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக அழகியமணவாளனும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீ சாப்பிட்டேளா, ஞானரத்தினம்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நடவடிக்கையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழிக்குப் பக்கத்தில் "கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்" என்று ஒரு போர்டு வைக்கப்பட்டது. போர்டில் பெயிண்ட் அடிக்கடி புதுப்பிக்கப்பட்டது.

இந்தச் சமயத்தில்தான் நாட்டுக்குப் பங்குக் காய்ச்சல் கண்டது. தொண்ணூற்றுநாலில் அது ராஜபாளையம் வரை வந்துவிட்டது. லாட்டரிச் சீட்டுக் கடைகளில் சீட்டுகளுக்குப் பக்கத்திலேயே கம்பெனிப் பங்கு விண்ணப்பங்களையும் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்கள். சீட்டு வாங்க வந்தவர்கள் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, லாட்டரியில் என்றைக்குக் குலுக்கல் என்று முன்கூட்டியே தெரியும் என்பதுதான்.

அழகியமணவாளன் மெட்ராஸுக்குப் போய், பங்கு வெளியீட்டு ஆலோசகர் சக்ரபாணியை அழைத்துவந்தார். சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு காரை விட்டு இறங்கிய சக்ரபாணியைப் பார்த்த மாத்திரத்தில், வாட்ச்மேன் உள்பட அனைவருக்கும் கம்பெனியின் மதிப்பு உயர்ந்துவிட்டதாகத் தோன்றியது. அவர் ரியாக்டரைப் பார்க்கவில்லை. குழியையும் பார்க்கவில்லை. நேராக எம்.டி. அறைக்குப் போய், ஏ.சி.யைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, கம்பெனியின் பலங்கள் என்னென்ன என்று கேட்டார். அழகியமணவாளன் மதியச் சாப்பாடு வரும் வரை பேசினார். சாப்பிட்ட பிறகு சக்ரபாணி பலவீனங்களைக் கேட்டார்.

கம்பெனிக்குப் பலவீனம் என்று ஒன்றும் இல்லை என்று அழகியமணவாளன் பணிவுடன் தெரிவித்தார்.

"அப்படிச் சொல்லக் கூடாது சார். சட்டம். பலவீனத்தையும் விண்ணப்பத்துல போட்டே ஆகணும். ஒவ்வொண்ணுக்கும் கீழே நிர்வாகத்தோட கண்ணோட்டம்னு ஒண்ணு எழுதணும்" என்றார் சக்ரபாணி. "இன்னொண்ணும் சொல்றேன். எவ்வளவு சொல்றோமோ அவ்வளவு சேஃப்டி. நாளைக்கு எவனும் வந்து, எங்ககிட்ட சொல்லலையேன்னு கேக்க முடியாது."

பழைய தமிழில் கண்ணோட்டம் என்றால் இரக்கம். கம்பெனித் தமிழில் அதற்கு அர்த்தம் கொஞ்சம் வேறு என்பது அழகியமணவாளனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் பலவீனத்துக்கு எங்கே போவது? மேனேஜர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாருமே தங்கள் இலாகாவில் பலவீனம் எதுவும் கிடையாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். கடைசியில் கணக்குப் பிரிவில் யாரோ, அந்தச் சரக்கு ஞானரத்தினம் சாரிடம் நிறைய ஸ்டாக் இருக்கும் என்று ஞாபகப்படுத்தினார்கள்.

அன்று மாலையே ஞானரத்தினம் "பலவீன அதிகாரி" ஆனார். ஆர்டரில் வேறு ஏதோ கௌரவமான பெயர்தான் இருந்தது. கம்பெனியில் எல்லாரும் இப்படித்தான் சொன்னார்கள். அவருக்குத் தனி மேஜையும், சுழலும் நாற்காலியும், டைப் அடிக்க ஓர் ஆளும் கொடுக்கப்பட்டன. பத்து வருஷமாக அவர் வாயைத் திறந்தாலே டீ கொடுத்து மூடியவர்கள், இப்போது வாயைத் திறக்கச் சொல்லி டீ கொடுத்தார்கள்.

ஞானரத்தினத்துக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தான் கண்டதையெல்லாம் இனி ஊரே அச்சில் பார்க்கப்போகிறது என்று நினைக்கையில் அவருக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்தும் எழுதினார். இங்கிலீஷில் சந்தேகம் வந்த இடங்களைப் பரிபூரணத்திடம் கேட்டுத் திருத்திக்கொண்டார். ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஒரு வரிகூடக் கூட்டிக் குறைக்கவில்லை.

போர்டு மீட்டிங்கில் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டது. உற்பத்தி முழுவதும் ஒரே ரியாக்டரை நம்பியிருக்கிறது என்று ஞானரத்தினம் வாசித்ததும், அழகியமணவாளன் கண்களை மூடி யோசித்தார். பிறகு கண்ணோட்டத்தைச் சொன்னார்: இரண்டு இருந்தால் கவனம் சிதறும். சக்ரபாணி அதை "ஒருமுகப்படுத்தப்பட்ட உற்பத்தித் திறன்" என்று குறித்துக்கொண்டார். சரக்கில் பெரும்பகுதியை ஒரே ஒரு மில்தான் வாங்குகிறது, அது எம்.டி.யின் சம்பந்தி மில் என்று அடுத்தது வந்தது. வியாபாரத்தில் உறவுகள் முக்கியம் என்பது கண்ணோட்டம். வெளிநாட்டுத் தொழில்நுட்பக் கூட்டு இன்னும் உறுதியாகவில்லை என்று வாசித்தபோது அழகியமணவாளன் சிறிது வருத்தப்பட்டார். பம்பாய்ப் பொருட்காட்சியில் ஒரு ஜெர்மானியருடன் தான் எடுத்துக்கொண்ட போட்டோ சுவரில் மாட்டியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அந்த ஜெர்மானியர் கழிப்பறைக்கு வழி கேட்க வந்தவர் என்பது ஞானரத்தினத்துக்குத் தெரியும். போட்டோ பலங்களின் பக்கத்துக்கு மாற்றப்பட்டது.

பிறகு தண்ணீர் வந்தது. முக்கிய மூலப்பொருள் தண்ணீர். மழை பொய்த்தால் தொழில் படுக்கும்.

"மழை இதுக்கு முன்னால பெஞ்சிருக்கா இல்லையா?" என்று கேட்டார் அழகியமணவாளன்.

பெய்திருக்கிறது என்று ஞானரத்தினம் ஒப்புக்கொண்டார்.

"அதையே போடுங்க. கடந்த காலங்களில் மழை பெய்துள்ளது. வருங்காலத்திலும் பெய்யும் என்று நிர்வாகம் நம்புகிறது."

கடைசியாகக் கழிவுநீர்க் குழி. சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீரின் தன்மை மாறக்கூடும், நுரை காணப்படலாம் என்று ஞானரத்தினம் எழுதியிருந்தார். காணப்படலாம் என்று அடக்கமாக எழுதினாரே தவிர, பக்கத்துக் காட்டில் சுந்தரம்மாளின் கிணற்றில் ஏற்கெனவே நுரை மிதந்துகொண்டிருந்தது. நுரை தள்ள உழைக்கிறவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். வெண்பட்டு வந்த பிறகு அங்கே கிணறே நுரை தள்ளியது.

இதற்கு என்ன கண்ணோட்டம் சொல்வது என்று சக்ரபாணியே தயங்கினார். அழகியமணவாளன் தயங்கவில்லை. "அந்த அம்மா துணி தொவைக்கச் சோப்பு வாங்குறதையே நிறுத்திட்டதாக் கேள்வி" என்றார். கிராமப்புறத்துக்குக் கம்பெனி ஆற்றிவரும் மறைமுகச் சேவை என்று அது பதிவாயிற்று.

அதற்குப் பிறகு அழகியமணவாளனுக்குப் பலவீனங்களின் மேல் ஒரு ருசி வந்துவிட்டது. எதைச் சொன்னாலும் கீழே ஒரு வரி எழுதிவிட்டால் அது தீர்ந்துபோகிறது. ரிப்பேர் செய்வதைவிட இது சுலபமாக இருந்தது. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று இரண்டு பக்கத்துக்குப் பலவீனம் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, நமக்கு மட்டும் ஏன் குறைவாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்று ஞானரத்தினத்தை ஊக்கப்படுத்தினார். ஞானரத்தினமும் உற்சாகமாக இன்னும் நான்கைந்து கண்டுபிடித்துக் கொடுத்தார்.

பங்கு விண்ணப்பம் சிவகாசியில் அச்சானது. முன்பக்கத்தில் தாமரைத் தடாகத்தில் ஒரு வெள்ளை அன்னம். உள்ளே பலங்கள் எல்லாம் கொட்டை எழுத்தில், பல வண்ணத்தில். பலவீனங்கள் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், சாம்பல் நிறத் தாளில் சாம்பல் நிற மசியில். இவ்வளவு பொடி எழுத்தைத் தீப்பெட்டி லேபிளைத் தவிர வேறெதற்கும் கோத்ததில்லை என்று அச்சகத்தார் சொன்னார்களாம். எல்லாம் இங்கிலீஷ். சட்டம் எழுத்தின் அளவைப் பற்றியோ வன்னியம்பட்டிக்காரர்களின் மொழியைப் பற்றியோ கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

முதல் பிரதியை ஞானரத்தினம் வீட்டுக்குக் கொண்டுபோனார். பரிபூரணம் சமையலை நிறுத்திவிட்டு, கடைசிப் பக்கத்தை ஜன்னல் பக்கம் பிடித்து, கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் முழுக்க வாசித்தாள். பிறகு அதை மடித்துக் கணவரிடமே கொடுத்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. நமக்கு இது வேண்டாம்."

ஊழியர்களுக்கு என்று தனியாக ஒதுக்கிய பங்குகளை ஞானரத்தினம் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் வீட்டுக்கு மாடி எடுக்கிறோம், கை இறுக்கமாக இருக்கிறது என்றார். மாடி எடுக்கவில்லை.

விண்ணப்பங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த வாரத்தில் சுந்தரம்மாள் ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கு வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், புருஷன் இல்லை, அந்தக் காடும் கிணறும்தான் அவளுடைய பிழைப்பு. மிளகாய்ச் செடிகள் எல்லாம் இலை பழுத்து விழுந்துவிட்டன என்றும், மாடு அந்தத் தண்ணீரில் வாயே வைக்க மாட்டேன் என்கிறது என்றும் சொன்னாள். குடத்தை எம்.டி.யின் மேஜையிலேயே வைத்தாள். குடம் நுரைத்தது.

வெளியீட்டு நேரத்தில் வழக்கு என்று ஒன்று வந்தால் அதையும் பலவீனமாக அச்சடிக்க வேண்டியிருக்கும் என்று சக்ரபாணி காதில் கிசுகிசுத்தார். அழகியமணவாளன் எழுந்து அந்த அம்மாளுக்கு நாற்காலி போட்டார். காபி வரவழைத்தார். கிணறு கெட்டதற்கு ஈடாகக் கம்பெனியின் பங்குகளையே தருவதாகச் சொன்னார். பங்கு வாங்கிவிட்டால் இந்த ரியாக்டர், இந்தக் கட்டடம், அந்தக் குழி எல்லாவற்றுக்கும் அவளும் ஒரு சொந்தக்காரி. சொந்தக்காரியே சொந்தக் கம்பெனி மேல் புகார் சொல்வாளா?

"இனிமே நீங்களும் நாங்களும் பங்காளி" என்றார் அழகியமணவாளன்.

"எங்கூர்ல கேசு போட்டுக்கிட்டு அலையுததே பங்காளிகதான் சாமி" என்றாள் சுந்தரம்மாள். ஆனாலும் யோசிக்க ஒரு நாள் தவணை கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கேட்டுக்கு வெளியே ஞானரத்தினம் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். கம்பெனியில் அவள் அறிந்த முகம் அது ஒன்றுதான்; அவள் கிணற்றில் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனவர்.

"தம்பி, செத்த நேரம் நில்லும். கெணறு கெட்டதுக்குப் பங்கு தாரோம்ங்காவ. நம்பி வாங்கலாமா?"

ஞானரத்தினம் வண்டியை அணைத்தார். அவருடைய பையில் அன்னம் போட்ட பிரதிகள் இருந்தன. வெளியீடு முடியும் வரை வாய்மொழியாக யாரிடமும் ஒன்றும் சொல்லக் கூடாது, எல்லாம் அச்சில் இருக்கிறது என்று சக்ரபாணி எல்லாருக்கும் எச்சரிக்கை கொடுத்திருந்தார். தவிரவும், எல்லாவற்றையும்தான் எழுதியாகிவிட்டதே. இந்த அம்மாளின் கிணறுகூட அதில் இருக்கிறதே. ஒரு நேர்மையான மனிதனுக்கு அதற்கு மேல் என்ன வேலை?

அவர் ஒரு பிரதியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "எல்லாம் இதுல போட்டிருக்கு அக்கா. யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

சுந்தரம்மாள் அன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "இது நீரு எழுதுனதா?"

"நான்தான் எழுதினேன்."

"அப்பஞ் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வரை காத்திருக்காமல் திரும்ப உள்ளே போய்க் கைநாட்டு வைத்தாள்.

ஞானரத்தினம் வண்டியை உதைத்தார். அது கிளம்ப மறுத்தது. பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, வெகுதூரம் தள்ளிக்கொண்டே போனார்.

சுந்தரம்மாள் மட்டும் இல்லை. பாண்டேஜ் துணி நெய்கிறவர்கள், மில் சூப்பர்வைசர்கள், பால்கோவா கடைக்காரர், சோழபுரத்து விவசாயிகள் என்று வரிசையில் நின்றவர்கள் பலருக்கும் ஞானரத்தினத்தைத் தெரியும். பொய் சொல்லாத மனுஷன், அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாராம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வெளியீடு பலமடங்கு நிரம்பி வழிந்தது. கம்பெனியின் மிகப் பெரிய பலமாக விளங்கியவர் அதன் பலவீன அதிகாரிதான் என்று வெற்றி விழாவில் சக்ரபாணி மனம் திறந்து பாராட்டினார். அழகியமணவாளன் ஞானரத்தினத்துக்குச் சால்வை போர்த்தினார். ஞானரத்தினத்துக்கு வியர்த்தது, சால்வையினால் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வந்த பணம் வீணாகவில்லை. கம்பெனி முகப்புக்குக் கிரானைட் பதிக்கப்பட்டது. எம்.டி.க்கு வெளிநாட்டுக் கார் வந்தது. இரண்டாவது ரியாக்டருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கல் மிக நல்ல கல், இன்றும் அப்படியே இருக்கிறது. குழியும் கவனிக்கப்பட்டது. அதை இரண்டு மடங்கு பெரிதாக வெட்டினார்கள்.

அடுத்து வந்த வருஷம், நிர்வாகத்தின் நம்பிக்கையைப் பொருட்படுத்தாமல் மழை பொய்த்தது. கம்பெனிக் கிணற்றில் தண்ணீர் கீழே கீழே போயிற்று. போகப் போக, குழியிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் பக்கவாட்டில் அந்தக் கிணற்றுக்குள் ஊற ஆரம்பித்தது. ஞானரத்தினம் ஒரு பாட்டிலில் கம்பெனிக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் குலுக்கினார். நுரைத்தது. அதை எடுத்துக்கொண்டு எம்.டி. அறைக்கு ஓடினார்.

அழகியமணவாளன் பாட்டிலைப் பார்த்தார். "இது ஏற்கெனவே நீங்க எழுதினதுதானே?"

"எழுதினதுதான் சார். இப்ப நடந்துட்டு."

"அதான் உலகத்துக்கே சொல்லியாச்சே, ஞானரத்தினம். சொன்னதையே எத்தனை தடவை சொல்லுவீங்க? டீ சாப்பிட்டேளா?"

அந்தத் தண்ணீரில் காய்ச்சிய வெண்பட்டு-7 பால் திரிவதுபோல் திரிந்தது. மேலே மஞ்சள் ஏடு கட்டியது. உண்மையைத் திரிப்பதில் கைதேர்ந்த நிர்வாகத்துக்குச் சரக்கு திரிவதைத் தடுக்கும் வழி தெரியவில்லை. அதை அப்படியே டிரம்மில் அடைத்துச் சம்பந்தி மில்லுக்கு அனுப்பினார்கள். நூலெல்லாம் கறை பிடித்தது. டிரம்கள் லாரியில் திரும்பி வந்தன. பின்னாலேயே வந்த சம்பந்தி, வியாபாரத்தில் உறவுகள் முக்கியம் என்று நினைத்த தன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று கூறிவிட்டுப் போனார். ஒரே வாடிக்கையாளர் போனார். ஒரே ரியாக்டர் அடைத்துக்கொண்டது. எல்லாம் அச்சில் இருந்தபடியே நடந்தது. பங்கின் விலை, விண்ணப்பம் அச்சடித்த தாளின் விலைக்கு வந்தது. கம்பெனியைப் பூட்டினார்கள்.

தொண்ணூற்றாறில் பங்குதாரர்களின் பொதுக்கூட்டம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. வாசலில் பன்னீர் தெளித்து ஆளுக்கு ஒரு பால்கோவாப் பொட்டலம் கொடுத்தார்கள். ஜனங்கள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கல்லெறிகிற முகத்தோடு உட்கார்ந்தார்கள். ஞானரத்தினம் மேடையில் ஓரத்து நாற்காலியில் இருந்தார். போக வேண்டாம் என்றுதான் பரிபூரணம் சொன்னாள். இத்தனை பேர் முகத்தையும் ஒருநாள் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று வந்திருந்தார்.

அழகியமணவாளன் கொஞ்சமும் கலங்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, எங்களை ஏமாற்றிவிட்டீர்களே என்று கேட்டபோது, அவர் அன்னம் போட்ட பிரதியை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"இந்த மண்டபத்துல யாராவது ஒருத்தர், கம்பெனி ஒரு குறைய மறைச்சிட்டுன்னு சொல்லட்டும், நான் இப்பமே எறங்கிப் போயிருதேன். நடந்தது அத்தனையும் நடக்கும் முன்னாலேயே சொன்ன கம்பெனி இது." அப்படிச் சொல்லிவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கம்பீரமான குரலில் இங்கிலீஷில் வாசிக்க ஆரம்பித்தார். சக்ரபாணி தலையை ஆட்டி ரசித்தார்.

நாலு வரி போனதும் கூட்டத்தில் சலசலப்பு. தமிழில் சொல்லு என்று ஒரு குரல். அப்புறம் பல குரல்கள். அழகியமணவாளன் புன்னகையுடன் கூட்டத்தைக் கையமர்த்திவிட்டு ஞானரத்தினத்தை அழைத்தார். எழுதியவரே வந்து சொன்னால் இன்னும் விசேஷம் என்றார்.

ஞானரத்தினம் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். அந்தப் பக்கத்தை அவர் பார்க்கவே தேவையில்லை, மனப்பாடம். ஆனால் அந்த இங்கிலீஷுக்கு ஏற்ற தமிழ் அவருக்கு வரவில்லை. சர்க்கார் ஆபீசுகளில் அப்படி ஒரு தமிழ் இருக்கிறது. எதைச் சொன்னாலும் வலிக்காத தமிழ். அவர் அதைக் கற்றதில்லை. வீட்டில் பேசுகிற தமிழ்தான் அவரிடம் இருந்தது. அதில் சொன்னார்.

"கம்பெனிக்கு ஒரே ஒரு மெஷின்தான். அது நின்னா அம்புட்டும் நின்னுபோவும்."

கூட்டம் கேட்டது.

"சரக்க வாங்குறது ஒருத்தர்தான். அவரும் மொதலாளியோட சம்பந்தி. அவரு போயிட்டா வேற ஆள் கெடையாது."

அழகியமணவாளனின் புன்னகை லேசாகச் சுருங்கியது. சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று சைகை காட்டினார். ஞானரத்தினம் அதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தொடர்ந்தார்.

"வெளிநாட்டுக்காரன் யாரும் நம்மகூடச் சேரல. மழ பெய்யலன்னா கம்பெனி கெடையாது. கழுவுன தண்ணிய நாங்க குழியில விடுதோம். அது மண்ணுக்குள்ள எறங்குது. சுத்துப்பட்டுல உங்க கெணறெல்லாம் கெட்டுப்போவும்."

சக்ரபாணி ஒரு துண்டுக் காகிதத்தில், கண்ணோட்டங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று எழுதி நீட்டினார். ஞானரத்தினம் அதை வாங்கிப் பார்த்தார். மழை பெய்யும் என்று நம்பியதையும், சோப்புச் செலவு மிச்சமானதையும் தமிழில் சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார். வரவில்லை. காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சுந்தரம்மாள் எழுந்தாள். கம்பெனியின் சொந்தக்காரி என்ற முறையில் அவளுக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்று அழகியமணவாளனே பெருந்தன்மையுடன் அனுமதித்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, இதெல்லாம் எப்பம் எழுதுனது?"

"பங்கு விக்கதுக்கு முன்னால."

"இங்கிலீசுல."

"ஆமா."

"அப்பம் எங்களுக்கு எப்பஞ் சொன்னீரு?"

நல்ல கேள்வி என்பதுபோல் அழகியமணவாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டப்படி, உரிய காலத்தில், உரிய முறையில் என்று அவர் எடுத்துக்கொடுக்கவும் செய்தார். அது எல்லாருக்கும் கேட்டது.

ஞானரத்தினம் மைக்கை விட்டு விலகி வந்து, மேடையின் விளிம்பில் நின்றார்.

"இப்பந்தான் அக்கா" என்றார்.